ஏட்டின் பிழைக்கு ஏழையா பொறுப்பு?

பொது ஏடுகளைக் கணினியில் தொகுத்து வைக்கும் பணியில் உள்ளோரிடையே, அவர் அதிகாரியாயினும் நிரல் எழுதும் இளைஞராயினும், ஏறக்குறைய எதிர்ப்பின்றி நிலைபெற்றுவிட்ட ஓர் அபிப்பிராயம் உண்டு. தரவுத்தளத்தில் தேட வருகிறவர் தாம் தேடுவது இன்னதென்று துல்லியமாகச் சொல்ல வேண்டும். பெயரை ஏட்டில் உள்ளபடியே எழுத்துப் பிசகாமல் தட்ட வேண்டும். எண்ணை முழுமையாகக் கொடுக்க வேண்டும். நட்சத்திரக் குறியிட்ட கட்டம் ஒன்றையும் வெறுமையாக விடலாகாது. இவ்வளவும் செய்ய இயலாதவருக்கு விடை கிடைக்கவில்லையென்றால் அது அவருடைய குற்றமேயன்றி ஏட்டின் குற்றமன்று என்பதே அந்த அபிப்பிராயம். இதைச் சொல்லுகிறவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பாதுகாப்பு, வேகம், ஒழுங்கு, அந்தரங்கம் என்னும் நான்கு நியாயங்களைத் தம் பக்கம் நிறுத்திக்கொண்டுதான் சொல்லுகிறார்கள். அந்த நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்து நிறுத்துப் பார்த்த பின்பு, இந்த அபிப்பிராயம் தவறானது என்றும், ஏழைகள் விஷயத்தில் அநீதியானது என்றும் முடிவு கண்டவன் நான். அந்த முடிவுக்குரிய காரணங்களை இங்கே விரிவாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் நான் கண்ட ஒரு காட்சியைச் சொல்லுகிறேன். தாயில்பட்டி, விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டை வட்டத்தைச் சேர்ந்த ஊர். சுற்றிலும் கரிசல் காடு. காட்டின் நடுவே ஒன்றுக்கொன்று எட்ட எட்ட நிற்கும் பட்டாசு ஆலைகளின் சிறு சிறு அறைகள். ஊர்ப்புறங்களில் தீப்பெட்டி ஆபீஸ்கள். எங்கள் பக்கத்தில் வேலைக்குப் போகிற பெண்கள் தொழிற்சாலைக்குப் போகிறோம் என்று சொல்லுவதில்லை. ‘ஆபீசுக்குப் போறோம்’ என்றுதான் சொல்லுவார்கள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தமிழ்நாட்டில் தொடங்கி, 2002, 2005 ஆகிய ஆண்டுகளின் பழைய பட்டியலில் தம் பெயரோ பெற்றோர் பெயரோ எவ்விடத்தில் இருக்கிறது என்னும் விவரத்தைப் படிவத்தில் எழுத வேண்டியிருந்த நாட்களில், இந்தச் சுற்றுவட்டாரத்துக் கணினி மையம் ஒன்றில் நான் காத்திருந்தேன். எனக்கு முன்னே எழுபது வயதை எட்டிய மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். பல்லாண்டுகள் தீக்குச்சி அடுக்கிய கை. கட்டை விரலின் நுனி ரேகை தேய்ந்து வழவழவென்றிருந்தது. மையத்து இளைஞர் அவருடைய ஆதார் அட்டையைப் பார்த்துப் பெயரை அவ்வண்ணமே தட்டினார். ‘பதிவு எதுவும் இல்லை’ என்று திரை சொல்லிற்று.

“பாட்டி, பழைய பட்டியல்ல உங்க பேரு இல்லை.”

“எப்படித் தம்பி இல்லாமப் போகும்? அன்னைக்கு ஆபீசுல லீவு விட்டாக. எங்க வீட்டுக்காரரும் நானும் சேந்துதான போயி ஓட்டுப் போட்டோம்.”

இளைஞர் மறுபடியும் தட்டினார். திரை மறுபடியும் அதையே சொல்லிற்று. பக்கத்து மேசையில் இருந்த வயதில் மூத்த ஒருவர் இதைக் கவனித்து, அந்த வாக்குச்சாவடியின் பழைய பட்டியலைப் படமாகப் பிடித்து வைத்திருந்த பக்கங்களைத் திறந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, வரி வரியாக விரலை ஓட்டத் தொடங்கினார். பத்துப் பக்கங்களுக்கு மேல் புரட்டியபின் ஓரிடத்தில் விரல் நின்றது. கணவர் பெயர் சரி. கதவு எண் சரி. வயதும் ஏறத்தாழச் சரி. மூதாட்டியின் பெயரை மாரியம்மாள் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் மாரியம்மா என்று இருந்தது. கடைசியிலுள்ள ‘ள்’ என்னும் ஒற்றெழுத்து ஒன்று இல்லாத காரணத்தால், ஊரறிய வாழ்ந்து ஊரறிய வாக்களித்த ஒரு பெண்மணி இருபது ஆண்டுகளுக்கு முன் இந்நாட்டில் இருந்தாரா என்பதே கால் மணி நேரம் சந்தேகத்துக்குள்ளாயிற்று.

இந்தக் காட்சியில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்றுண்டு. கணினியால் முடியாததை அந்த முதியவரின் கண் முடித்தது. ஆனால் அந்தக் கண்ணில் மந்திரம் எதுவுமில்லை. அவர் செய்தவை இவைதான்: பெயரின் கடைசி எழுத்தைப் பொருட்படுத்தாமல் முற்பகுதியை மட்டும் ஒப்பிட்டார். வயதில் இரண்டொரு ஆண்டு முன்பின்னாக இருக்கலாம் என்று இடம் கொடுத்தார். தமக்குத் தெரியாத வரிசை எண்ணை வெறுமையாக விட்டார். தெரிந்த கதவு எண்ணால் ஐயத்தைத் தீர்த்துக்கொண்டார். இந்த நான்கு காரியங்களையும் ஒரு சாதாரணக் கணினி ஒரு நொடிக்குள் செய்யும். செய்யாதிருந்ததற்குக் காரணம், செய்ய வேண்டாம் என்று யாரோ முன்னரே தீர்மானித்துவிட்டதேயாகும்.

இப்போது அந்த ‘இல்லை’ என்ற சொல்லைச் சற்று உற்றுப் பார்ப்போம். ‘நீங்கள் தட்டிய இந்த எழுத்துகளில், இதே வரிசையில், ஒரு பதிவு கிடைக்கவில்லை’ என்பதுதான் கணினி உண்மையில் அறிந்த செய்தி. ‘பதிவு எதுவும் இல்லை’ என்று அது திரையில் எழுதுவதோ முற்றிலும் வேறொரு செய்தி. முன்னது தேடலைப் பற்றியது. பின்னது உலகத்தைப் பற்றியது. முன்னதைக் கண்டு பின்னதைச் சொல்லுவது பொய். அரசாங்க முத்திரையோடு வருகிறபோது அது மக்கள் எதிர்த்து வாதாட முடியாத பொய்யாகிவிடுகிறது. திரை ‘இல்லை’ என்று சொன்னதைக் கேட்ட மூதாட்டி தம் ஞாபகத்தைத்தான் சந்தேகித்தாரேயொழியத் திரையைச் சந்தேகிக்கவில்லை. துல்லியம் ஒன்றையே கேட்கிற தேடல் பெட்டியின் முதற்குற்றம் இதுதான்: தன் இயலாமையை அது உலகத்தின் இன்மையாக அறிவிக்கிறது.

‘மக்கள் துல்லியமாகச் சொல்லக் கற்றுக்கொள்ள வேண்டும்’ என்பார்க்கு நான் கேட்கும் கேள்வி ஒன்று: எதனோடு துல்லியமாக? அவர்கள் பெயரோடா, அல்லது அவர்கள் பெயரை வேறொருவர் எழுதிவைத்த பிழையோடா? தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நிலவுடைமைப் பதிவுகளை மேம்படுத்தும் திட்டம் நடைபெற்றது; யு.டி.ஆர். என்று கிராமத்தார் இன்றும் சொல்லுவது அதனைத்தான். அதில் பட்டாதாரர் பெயரும் தந்தை பெயரும் மாறிப்போயிருப்பதாகவும், விஸ்தீரணம் பிசகியிருப்பதாகவும் கூறித் திருத்தம் கோரும் மனுக்கள் இன்றளவும் வருவாய்த் துறைக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. பின்னாளில் அந்தக் காகிதப் பதிவுகளைப் பார்த்தே கணினியில் ஏற்றினார்கள். காகிதத்தின் பிழை ஒருபுறம். தட்டச்சின் பிழை மறுபுறம். இரண்டும் சேர்ந்து உருவான ஓர் எழுத்துக்கூட்டை, அதை ஒருநாளும் கண்ணால் பாராத உழவர், அச்சுப் பிசகாமல் ஊகித்துத் தட்ட வேண்டும் என்று எதிர்பார்ப்பதைத் துல்லியம் என்று எப்படிச் சொல்லுவது? அடுத்தவர் செய்த தவறை மனப்பாடம் செய்துகொண்டு வா என்பதே அதன் பொருள்.

புல எண்ணின் கதையும் இதுவே. தந்தை காலத்தில் 123/2 என்றிருந்த நிலம், பாகப்பிரிவினைக்குப் பின் 123/2ஏ, 123/2பி என்று உட்பிரிவாகியிருக்கும். மகனுக்கு ஞாபகத்தில் இருப்பது பழைய எண். துல்லியப் பொருத்தம் ஒன்றையே அறிந்த பெட்டியில் அவன் 123/2 என்று தட்டினால் அது கைவிரிக்கும். 123/2 என்று தொடங்குவன எல்லாவற்றையும் காட்டு என்று கேட்க இடமிருந்தால் இரண்டு வரிகளில் அவனுடைய நிலம் வந்து நிற்கும்.

தாயில்பட்டி என்ற ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கில எழுத்தில் இதை எழுதும்போது, முதலெழுத்தாகிய ‘தா’வுக்கு ‘டி’ மட்டும் இடுவார் ஒருவர், ‘டி’யோடு ‘எச்’ சேர்ப்பார் மற்றொருவர், இடையிலுள்ள ‘யி’க்கு ‘ஒய்’ இடுவாரும் உண்டு, ‘ஐ’யோடு நிறுத்துவாரும் உண்டு, ‘பட்டி’யின் இறுதியில் ‘ஐ’ எழுதுவார் ஒருவர், ‘ஒய்’ எழுதுவார் இன்னொருவர். மூன்று இடங்களில் இரண்டிரண்டு வழிகள். ஆக, ஓர் ஊருக்கு எட்டு உருவங்கள். இவை எட்டும் ஓர் ஊரே என்பது இவ்வூர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். ஏட்டுக்கு மட்டும் இவை எட்டு வெவ்வேறு ஊர்கள்.

ஊர்ப்பெயர் அப்படியிருக்க, ஊர் அடங்கிய எல்லைகளும் நிலையாக நிற்கவில்லை. 1985 மார்ச் 15ஆம் தேதிக்கு முன் இப்பகுதி இராமநாதபுரம் மாவட்டம். அன்று முதல் காமராசர் மாவட்டம். 1997இல் விருதுநகர் மாவட்டம். முன்பு சாத்தூர் வட்டம்; இப்போது வெம்பக்கோட்டை வட்டம். 2004 தேர்தல் வரை சிவகாசி நாடாளுமன்றத் தொகுதி. 2009 முதல் விருதுநகர் தொகுதி. 1970இல் இவ்வூரில் பிறந்த ஒருவர் ஓரடியும் நகராமலே மூன்று மாவட்டங்களில் குடியிருந்தவராகிறார். அவரிடம் ‘மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும், வட்டத்தைத் தேர்ந்தெடுக்கவும், தொகுதியைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று வரிசையாக மூன்று கட்டாயக் கட்டங்களை நீட்டி, ஒன்று பிசகினாலும் கதவை அடைத்துவிடும் தேடல் பெட்டி, அவரிடம் கேட்பது அவரைப் பற்றிய விவரத்தையன்று. அரசாங்கத்தின் நிர்வாக சரித்திரத்தை அவர் எவ்வளவு அறிந்திருக்கிறார் என்பதையே அது பரீட்சிக்கிறது.

பட்டாசுத் தொழிலாளர் நிலை இதனினும் சிரமமானது. பருவத்துக்கு ஓர் ஆலை, பண்டிகைக்கு ஓர் ஆலை என்று மாறி மாறி உழைத்தவர்கள் இவர்கள். ஒவ்வோர் ஆலையின் கணக்கரும் தம் காதுக்குக் கேட்டபடி பெயரை எழுதினார். வருங்கால வைப்பு நிதிக்கு ஒவ்வோரிடத்திலும் ஒவ்வோர் எண் விழுந்தது. பணி மாறினாலும் மாறாத ஒரே கணக்கு எண் என்பது 2014இல்தான் வந்தது. அதற்கு முந்திய ஆண்டுகளில் சேர்ந்த சேமிப்பைத் தேடி எடுக்க, பழைய எண்ணை முழுதாகச் சொல் என்றால், அந்தச் சீட்டு எந்தத் தகரப்பெட்டியில் எந்த மழையில் நனைந்து போயிற்றோ, யார் அறிவார்? ‘இன்ன வருஷங்களுக்கு இடையே, இன்ன ஊர்ப்பக்கத்து ஆலையில், இப்படித் தொடங்கும் பெயர்’ என்று தெரிந்ததைச் சொல்லித் தேட இடமிருந்தால், உழைத்த காசு உழைத்தவர் கைக்கு வரும். இடமில்லையென்றால் அது கேட்பாரற்றுக் கிடக்கும். தேடல் பெட்டியின் அமைப்பு கூலிப் பணத்தின் விதியை நிர்ணயிக்கிறது என்பதை நிரல் எழுதுவோர் ஒருகணமும் மறக்கலாகாது.

தமிழ் எழுத்தின் சரித்திரமும் என் பக்கமே சாட்சி சொல்லுகிறது. பனையோலையில் எழுதிய நம் முன்னோர் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுவதில்லை. எகரக் குறிலுக்கும் நெடிலுக்கும் வேற்றுமை காட்டுவதில்லை. ரகரமும் கால் எழுத்தும் ஒரே உருவில் நிற்கும். அப்படிப்பட்ட சுவடிகளிலிருந்துதான் உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிட்டு வெளிக்கொணர்ந்தார். ‘ஏட்டில் எழுத்து சரியாக இல்லை, ஆகவே நூலே இல்லை’ என்று அவர் ஏட்டைக் கீழே வைத்திருந்தால் நமக்கு எது மிஞ்சியிருக்கும்? ஒன்றுக்குப் பல பிரதிகளை ஒப்புநோக்கி, பாடபேதங்களைத் தொகுத்து, எது பொருந்தும் என்று ஆராய்ந்தார். உருவம் வேறுபட்டாலும் பொருள் ஒன்றாகலாம் என்னும் நம்பிக்கைதான் தமிழ்ப் பதிப்புக் கலையின் அஸ்திவாரம்.

அந்தச் சிக்கல் ஓலையோடு போய்விடவுமில்லை. சௌந்தரம் என்ற பெயரைக் கணினியில் சகரத்தோடு ஔகாரக் குறியைச் சேர்த்துத் தட்டுவாரும் உண்டு. சகரத்தோடு எகரக் கொம்பைச் சேர்த்து, அடுத்து ளகரத்தைத் தனியே தட்டி, ‘செளந்தரம்’ என்று முடிப்பாரும் உண்டு. திரையில் பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டும் முற்றிலும் வேறு. பொன்னம்மாள் என்பதிலுள்ள ‘பொ’வின் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம், இரண்டும் சமமே என்று ஒருங்குறி விதியே சொல்லுகிறது. அந்த விதியை மதித்து எல்லாவற்றையும் ஓருருவாக்கிச் சேமிக்காத ஏட்டில், சரியாகத் தட்டியவருக்கும் ‘இல்லை’ என்ற விடைதான் கிடைக்கும். இதற்கு மேலும் துல்லியமாக ஒரு மனிதர் எப்படித் தட்டுவது? கண்ணுக்குத் தெரியாத வேற்றுமைக்குக் கண்ணுடையவரைக் குற்றம் சொல்லுவது எந்த நியாயத்தில் சேரும்?

இனி எதிர்ப்பக்கத்து நியாயங்களுக்கு வருகிறேன். அவற்றுள் முதன்மையானது பாதுகாப்பு. ‘மக்கள் இஷ்டம்போல் எதையும் தட்டலாம் என்று விட்டால், தீயோர் தேடல் பெட்டி வழியே தரவுத்தளத்துக்குக் கட்டளைகளைப் புகுத்தி, ஏட்டையே களவாடவும் அழிக்கவும் கூடும்’ என்கிறார்கள். அபாயம் மெய்யானது, நான் அதை மறுக்கவில்லை. இவ்வகைத் தாக்குதலை 1998இலேயே ஜெஃப் ஃபாரிஸ்டால் என்பவர் பகிரங்கமாக எடுத்துக் காட்டிவிட்டார். ஆனால் அபாயம் எங்கே பிறக்கிறது என்பதை ஆராய வேண்டும். தேடுபவர் தட்டிய சொல்லையும், கணினிக்கு நிரலாளர் எழுதிய கட்டளையையும் ஒரே சரமாகப் பின்னி அனுப்புவதிலேதான் அது பிறக்கிறது. எங்கள் ஊரார்க்கு இதை விளக்கத் தேவையே இல்லை. பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறை வேறு; மருந்து செலுத்தும் அறை வேறு; அறைக்கும் அறைக்கும் இடையே தூரம் உண்டு; ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. விதி இருந்தும் அதை மீறியதால் 2012 செப்டம்பர் 5ஆம் தேதி முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12ஆம் தேதி அச்சன்குளத்திலும் நேர்ந்த பட்டாசு ஆலை வெடிவிபத்துகளில் எத்தனை குடும்பங்கள் கதறின என்பதை இந்த மண் மறக்காது. அபாயத்துக்கு மருந்து, சேரக் கூடாதவற்றைச் சேரவிடாமல் பிரித்து வைப்பது என்பதே அவ்விதிகளின் சாரம்.

கணினியிலும் அதுவே விதி. கட்டளையை முதலில் தனியே அனுப்பி, அதன் வடிவத்தை உறுதிப்படுத்திவிட்டு, தேடுபவர் சொல்லை வெறும் மதிப்பாகப் பின்னர் இணைக்கும் முறை நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. அப்படிச் செய்த பிறகு அவர் தட்டுவது பாதிப் பெயராயிருந்தாலும், நாலெழுத்தாயிருந்தாலும், வேண்டுமென்றே எழுதிய விஷமமாயிருந்தாலும், அது வெறும் எழுத்தாகவே கிடக்கும், கட்டளையாக உயிர்பெறாது. எந்தப் பத்தியில் தேடுவது, எதன்படி வரிசைப்படுத்துவது என்பவற்றை மட்டும் இவ்வாறு மதிப்பாக இணைக்க இயலாது. அவற்றை அனுமதித்த பெயர்களின் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க விடுவதே தக்கது. பாதிச் சொல்லுக்கு அடையாளமாகிய விழுக்காட்டுக் குறியைத் தேடுபவர் தாமே தட்டிவிட்டால் அதைச் சாதாரண எழுத்தாகக் கொள்ளும்படி செய்வதும் இரண்டு வரி வேலை. இவற்றைச் செய்யாதவர்கள் துல்லியத்தைக் கட்டாயமாக்கினாலும் பாதுகாப்பு வராது. கட்டளையோடு பின்னி அனுப்பினால் முழுப்பெயர்க் கட்டத்தின் வழியாகவும் விஷம் ஏறும். ஆகவே நெகிழ்வுக்கும் அபாயத்துக்கும் முடிச்சுப் போடுவது, நிரலாளரின் சோம்பலுக்குப் பாதுகாப்பு என்னும் மேலாடை போர்த்துவதேயாகும்.

இரண்டாவது நியாயம் வேகம். பெயரின் நடுவிலுள்ள எழுத்துகளைக் கொண்டு தேடினால் கணினி எல்லாப் பதிவுகளையும் ஒன்று விடாமல் புரட்ட வேண்டியிருக்கும். இலட்சக்கணக்கானோர் ஒரே நாளில் தேடினால் இயந்திரம் திணறும் என்கிறார்கள். சாதாரண அகரவரிசைச் சுட்டி மட்டும் உள்ள ஏட்டைப் பொறுத்தவரை இது உண்மை. ஆனால் சுட்டியில் பல வகை உண்டு. சொல்லை மும்மூன்று எழுத்தாக நறுக்கிச் சுட்டி செய்யும் முறை ஒன்றுண்டு. மாரியம்மாள் என்பதை மா-ரி-ய, ரி-ய-ம், ய-ம்-மா, ம்-மா-ள் என்று நான்கு துண்டாக நறுக்கினால், மாரியம்மா என்பதில் அவற்றுள் முதல் மூன்றும் அப்படியே இருக்கக் காண்கிறோம். நான்கில் மூன்று பொருந்துகிற பெயரைக் கணினி ஏட்டைப் புரட்டாமலே சுட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும். விலையின்றிக் கிடைக்கும் தரவுத்தள மென்பொருளிலேயே இவ்வசதி உண்டு. ஒலியை வைத்துப் பெயர்களைச் சேர்க்கும் உபாயத்துக்கு அமெரிக்காவில் இராபர்ட் ரஸ்ஸல் என்பவர் 1918இலேயே காப்புரிமை பெற்றார். அந்நாட்டுப் பழைய மக்கட்தொகைக் கணக்கேடுகளுக்கு அவ்வகையில் அட்டை அட்டையாகச் சுட்டி செய்தார்கள். கணினி பிறப்பதற்கு முன் அட்டைகளால் செய்து காட்டிய காரியத்தை இன்றைய இயந்திரம் தாங்காது என்பது நம்பத்தக்க வாதமன்று. பழத்தைப் ‘பளம்’ என்றும் மழையை ‘மளை’ என்றும் சொல்லும் எங்கள் நாவுக்கு ஏற்ப, ல, ள, ழ மூன்றையும் ஒரு குழுவாகவும், ர, ற இரண்டையும் ஒரு குழுவாகவும், ந, ன, ண மூன்றையும் ஒரு குழுவாகவும் கொள்ளும் தமிழ்ச் சுட்டியைச் செய்வது மலையைப் புரட்டும் காரியமன்று.

மூன்றாவது நியாயம் ஒழுங்கு. ‘நெகிழ்வாகத் தேட விட்டால் ஒன்றைக் கேட்டவருக்கு நாற்பது விடை வரும், அவர் குழம்பிப்போவார், வேறொருவர் பதிவைத் தம்முடையதென்று எடுத்துக்கொள்வார்’ என்பது இது. இதற்கு விடையை எங்கள் மண்ணிலேயே காட்டலாம். 2022இல் வெம்பக்கோட்டை அருகே வைப்பாற்றங்கரை மேட்டில் அகழாய்வு தொடங்கினார்கள். சங்கு வளையல் துண்டுகளும் கண்ணாடி மணிகளும் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டன. இன்ன விட்டமுள்ள மணி, இன்ன நிறமுள்ள துண்டு என்று அளவைச் சொல்லிவிட்டு அகழ்பவர் எவருமில்லை. முதலில் மண்ணை அள்ளுகிறார்கள், பிறகு சலிக்கிறார்கள், பிறகு சல்லடையில் தங்கியதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்தெடுக்கிறார்கள். முதலில் விரிவாக வாங்கிப் பின்னர் படிப்படியாகக் குறுக்குவதே தேடல் என்னும் காரியத்தின் இயற்கை. மாரியம்மா என்று தொடங்குவன நாற்பது வந்தால், கணவர் பெயரின் முதல் மூன்றெழுத்தைச் சேர்த்தால் ஐந்தாகும். வயது 40க்கும் 50க்கும் இடையே என்றால் இரண்டாகும். கதவு எண்ணைப் பார்த்தால் ஒன்றாகும். ஒவ்வொரு படியிலும் எத்தனை எஞ்சுகிறது என்று திரை சொல்லிக்கொண்டே வந்தால் எவரும் குழம்பமாட்டார். எது முழுப் பொருத்தம், எது ஒலிப் பொருத்தம் என்று பிரித்துக் காட்டினால் பிறர் பதிவை யாரும் தவறிக் கொள்ளமாட்டார். நாற்பது விடைகளில் தம்முடையதைத் தெரிந்தெடுக்கும் அறிவு மாரியம்மாளுக்கு உண்டு. ஒரு விடையும் இல்லாத வெற்றுத் திரையிலிருந்து தெரிந்தெடுக்கும் ஆற்றல்தான் எவருக்கும் இல்லை.

நான்காவது நியாயம் அந்தரங்கம். நான்கினுள் இதற்கே நான் மிகுந்த மரியாதை கொடுக்கிறேன். பெயரின் துண்டைக் கொண்டு எவரும் எவரையும் தேடலாம் என்றால், தனித்து வாழும் பெண்ணைத் துன்புறுத்த எண்ணுபவனும், தரவுகளை வாரிச் சென்று விற்பவனும் அதே வாயிலால் நுழைவார்கள் அல்லவா? நுழைவார்கள்; ஆகவே காவல் அவசியம். ஆனால் காவலை எங்கே நிறுத்துவது என்பதில்தான் எனக்கும் அவர்களுக்கும் பேதம். கேள்வி கேட்கும் வழியை அடைப்பது அவர்கள் காவல். விடையில் காட்டுவதைக் குறைப்பது, ஒருவர் ஒரு நாளில் இத்தனை முறைதான் தேடலாம் என்று வரம்பிடுவது, முழு விவரத்தையும் உரியவர் என்று நிரூபித்தவருக்கு மட்டும் திறப்பது, நோயாளிகள் பட்டியல் போன்றவற்றைப் பொதுத் தேடலிலேயே வைக்காதிருப்பது ஆகியவை நான் வேண்டும் காவல். எண்ணைத் துல்லியமாகக் கேட்பதால் தீயவன் தடைப்படுவதில்லை. ஒன்று முதல் இலட்சம் வரை எண்களை வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரலை அவன் ஒரு மாலையில் எழுதிவிடுவான். தடைப்படுவதெல்லாம் எண்ணைத் தொலைத்த மூதாட்டிதான்.

இவ்வளவும் சொன்ன பின்பும், ‘கணினி என்றாலே துல்லியம்தான், இயந்திரத்தின் சுபாவத்தை மனிதர் மாற்ற முடியாது’ என்று கடைசியாக ஒரு வாதம் எழும். சரித்திரம் இதை மறுக்கிறது. தரவுத்தளங்கள் தோன்றிய ஆரம்ப காலத்திலேயே, 1975இல், ஐ.பி.எம். நிறுவனத்தின் மோஷே ஸ்லூஃப் ஒரு முறையை அறிவித்தார். வெறும் அட்டவணை ஒன்று திரையில் தோன்றும். தேடுபவர் தமக்குத் தெரிந்த கட்டத்தில் மட்டும் தெரிந்ததை எழுத வேண்டும். வெறுமையாக விட்ட கட்டத்துக்கு ‘எதுவாயினும் சரி’ என்று கணினி பொருள்கொள்ளும். ‘இத்தொகைக்கு மேல்’ என்பது போன்ற நிபந்தனையையும் கட்டத்துக்குள்ளேயே எழுதலாம். கணினி மொழி பயிலாத அலுவலக மனிதரும் தேடவேண்டும் என்பதே அவருடைய நோக்கம். ஆகவே வெறுமைக் கட்டத்தைக் குற்றமாக்குவது இயந்திரத்தின் சுபாவமன்று. பின்வந்த நம்மவர் தெரிந்தெடுத்த வழக்கம். தெரிந்தெடுத்ததை மாற்றிக்கொள்ள நம்மால் முடியும்.

பழைய கிராமக் கணக்குப்பிள்ளையிடம் ‘ஓடைக்கரைப் புஞ்சை, எங்க சின்னையா பங்கு’ என்று சொன்னாலே போதும், ஏட்டைப் பிரித்துக் காட்டிவிடுவார் என்று ஏங்குவாரும் உண்டு. அந்த ஏக்கத்தில் எனக்குப் பங்கில்லை. வேண்டியவருக்கு ஏட்டைத் திறந்தும் வேண்டாதவருக்கு மூடியும் வைத்த கணக்குப்பிள்ளைகளும் இருந்தார்கள். பகுதிநேரக் கிராம அதிகாரிகளின் பதவிகளைத் தமிழ்நாடு 1980இல் ஒழித்தது நியாயமே. இயந்திரத்துக்கு ஜாதி தெரியாது, கைக்கூலி தெரியாது. அந்தப் பாரபட்சமின்மை பெறற்கரிய பேறு. ஆனால் கணக்குப்பிள்ளையின் பாரபட்சத்தைக் களைகிற வேகத்தில், அரைகுறையாகச் சொன்னதைக் கேட்டு முழுதாகப் புரிந்துகொண்ட அவருடைய காதையும் சேர்த்துக் களைந்துவிட்டோம். இரண்டையும் ஒருங்கே பெற இன்று எந்தத் தடையுமில்லை.

இந்நாட்டுச் சட்டமும் இதையே விதித்திருக்கிறது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, எழுத்தில் கேட்க இயலாத ஒருவர் வாய்மொழியாகக் கேட்டால், அதை எழுத்துருவாக்க இயன்ற உதவி எல்லாவற்றையும் தகவல் அலுவலர் செய்ய வேண்டும் என்கிறது. தவறான அலுவலகத்தில் கேட்டுவிட்டாலும், மனுவை உரிய அலுவலகத்துக்கு மாற்றியனுப்ப வேண்டும் என்கிறது. ஏட்டை வைத்திருப்பவரே கேட்பவரின் குறையை நிரப்ப வேண்டும் என்பது அச்சட்டத்தின் தர்மம். மனித அலுவலருக்கு விதித்த கடமையிலிருந்து அவருக்குப் பதிலாக அமர்ந்த இயந்திரத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்தவர் யார்?

ஆகவே, பொது ஏடுகளுக்குத் தேடல் பெட்டி செய்யும் இளைஞர்களே, அதற்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளே, உங்களிடம் வேண்டுவது இதுதான். ஒரு கட்டத்தையும் கட்டாயமாக்காதீர்கள். தெரிந்த ஏதேனும் இரண்டைக் கொண்டு தேட விடுங்கள். பாதிப் பெயரையும், ஆண்டு இடைவெளியையும், பழைய மாவட்டத்தையும், ஊர்ப்பெயரின் எட்டு உருவங்களையும் ஏற்றுக்கொள்ளுங்கள். தமிழ் எழுத்துகளை ஓருருவாக்கிச் சேமியுங்கள். தட்டிய சொல்லைக் கட்டளையிலிருந்து பிரித்து வையுங்கள். இவை எவையும் முடியாத நாளில், ‘பதிவு எதுவும் இல்லை’ என்று எழுதாமல், ‘இந்த எழுத்துகளில் கிடைக்கவில்லை, வேறு வகையில் தேடிப் பாருங்கள்’ என்றாவது உண்மையை எழுதுங்கள். அன்று அந்த மையத்தில், முதியவர் விரல் நின்ற வரியில் தம் தேய்ந்த விரலையும் வைத்து, “இது நான்தான் தம்பி” என்றார் மாரியம்மாள். அவர் ஏட்டில் இருந்தார், தேடல்தான் தவறியது.